50 குதிரைத்திறன் டீசல் கேம்பர் வேனில் கோட்ஹார்ட் தாண்ட முடியுமா? ஏற்றத்தில் சூடாகிறது, இறக்கத்தில் பிரேக் மெத்தென்று போகிறது

நெக்கர்கரை எழுதியது:

வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். போன வருடம் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் 1985 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி3 கேம்பர் வேன் வாங்கினேன். 1.6 லிட்டர் டீசல், டர்போ கிடையாது, 50 குதிரைத்திறன், நான்கு கியர். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், தண்ணீர், சமையல் சாமான் எல்லாம் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினால் 2,200 கிலோ காட்டுகிறது.

பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஃபெர்ன்பாஸ் கணவாய் வழியாக ஆஸ்திரியாவின் டைரோல் போனோம். போகும்போது உச்சியிலிருந்து நாசரைட் ஊருக்கு இறங்கையில் பாதி வழியில் கருகிய வாடை. கடைசி இரண்டு வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்ற பிறகு பெடல் பழையபடி திரும்பிவிட்டது. வரும்போது அதே சாலையில் ஏறினோம். சனிக்கிழமை, நெரிசல், நகர்ந்து நகர்ந்து நின்றோம். வெப்பமானியில் இருக்கும் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. பின்னால் ஒரு கிலோமீட்டருக்குக் கார் வரிசை. அந்தப் பதற்றம் தனி.

ஒரு பட்டறையில் காட்டினேன். 'வயதான வண்டி, சக்தி போதவில்லை, மலைக்கு எடுக்காதீர்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்டில் மஜ்ஜோரே ஏரிக்குப் போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வழியில் சுவிஸ் ஆல்ப்ஸின் கோட்ஹார்ட் கணவாய் மேலே ஏறலாமா, அதன் அடியில் போகும் சுரங்கப்பாதை பரவாயில்லையா, இல்லை எஞ்சினையே மாற்ற வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_டீசல் எழுதியது:

ஃப்ரைபுர்க்கிலிருந்து எழுதுகிறேன். இதே எஞ்சின் வண்டியைப் பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். எஞ்சினை மாற்ற அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. இரண்டுமே சக்திக் குறைவால் வந்தவை அல்ல.

முதலில் அந்தச் சக்திக் கணக்கு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், காற்று மெலிந்துவிடுவதால். 2,000 மீட்டரில் உங்கள் 50, 40 ஆகிவிடும். 2,200 கிலோவை 10 சதவீத ஏற்றத்தில் அந்த நாற்பதை வைத்து இழுத்தால் மணிக்கு 35 கிலோமீட்டர்தான் வரும். அதற்கு மேல் யார் ஓட்டினாலும் வராது. எனவே 35-இல் போனால் வண்டி சரியாகத்தான் போகிறது. ஆனால் 35-இல் போகும்போது சூடாகக் கூடாது. சூடானால் எங்கோ கோளாறு.

இப்போது அந்தச் சிவப்பு விளக்கு. சூடு எல்லை மீறினாலும் மினுக்கும், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) அளவு குறைந்தாலும் மினுக்கும். முள் எங்கே நின்றது? விளக்கை ஒட்டி நின்றால் அது சாதாரண சூடுதான். அப்போது தண்ணீர்க் குறைவையோ அந்த அளவுமானியின் ஒயரையோ சந்தேகப்படுங்கள். முள் நன்றாக மேலே ஏறியிருந்தால் ரேடியேட்டர் பக்கம் பாருங்கள். இந்த வண்டியில் எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பெல்லாம் நேராக அதன் மேல்தான் அடிக்கும். முன் கிரில்லைக் கழற்றி ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். மெல்லிய தகடுகள் பொடியாக உதிர்ந்தால் கதை முடிந்தது, புதிதுதான் போட வேண்டும். அடுத்தது ஃபேன். அதற்குக் குறைந்த வேகம், அதிக வேகம் என இரண்டு உண்டு. குறைந்த வேகத்துக்கான மின்தடை எரிந்துபோனால் ஓடும்போது தெரியாது, நெரிசலில் நின்றால்தான் தெரியும். நீங்கள் நெரிசலில்தான் மாட்டியிருக்கிறீர்கள்.

ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டதோ என்ற பயமும் இருக்கும் உங்களுக்கு. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்பே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறதா, கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தொட்டியின் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை இருக்கிறது. எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சள் பக்கம் மாறும்.

ஓட்டும்போது ஒன்று: ஆக்ஸிலரேட்டர் பெடலை அடிவரை மிதித்து மூன்றாவது கியரில் முக்க விடாதீர்கள். இரண்டாவதுக்கு இறங்குங்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றும். உயரத்தில் கறுப்புப் புகை வந்தால் காற்று போதாமல் டீசல் வீணாக எரிகிறது என்று பொருள். காலைக் கொஞ்சம் தூக்கினால் வேகம் குறையாது, சூடு குறையும்.

லூசர்ன்_சாரதி எழுதியது:

தம்பி, நான் இருபது வருசமாய் இந்தப் பக்கம் சாமான் லொறி ஓடுறன். எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்பினம். ஏற்றத்தில் வண்டி நின்றால் நிற்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காவிட்டால்தான் பிரச்சினை. நீங்கள் எழுதியதில் என்னைப் பயப்படுத்தினது அந்தப் பெடல்.

ஃபெர்ன்பாஸிலிருந்து நாசரைட்டுக்கு 370 மீட்டர் அளவுதான் இறக்கம். அதற்கே பெடல் மெத்தென்று போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்ற வகை ஆயில் புதிதாய் இருக்கும்போது 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 155 பாகை அளவிலேயே கொதிக்கலாம். கொதித்து ஆவியானால் நீங்கள் மிதிப்பது ஆவியைத்தான், பிரேக்கை இல்லை. அரை மணித்தியாலம் ஆற விட்டதும் திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவேதான் அடையாளம். திரும்பி வந்ததை நம்பி ஓட வேண்டாம். ஆயிலை முழுதாய் மாற்றுங்கோ, ரப்பர் ஹோஸ்களையும் பாருங்கோ, பின் பிரேக் டிரம்முக்குள்ளே எண்ணெய் கசிந்திருக்கா என்றும் பாருங்கோ.

கோட்ஹார்ட் கணவாய் 2,106 மீட்டர். தெற்கே அடிவார ஊர் ஐரோலோ 1,175 மீட்டர். அந்த இறக்கத்தில் உங்கட 2,200 கிலோ இழக்கிற சக்தி முழுக்க வெப்பமாய் மாறினால் 60 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அவ்வளவையும் நாலு சில்லு பிரேக்கிடம் கொடுக்கக் கூடாது. ஏறின கியரிலேயே இறங்குங்கோ, இரண்டாவது. இறக்கம் தொடங்க முன்னமே மாற்றுங்கோ; வேகம் எடுத்த பிறகு கியர் விழாது. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். நல்லாய் அமத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுசாய் எடுத்து ஆற விடுங்கோ.

பின்னால் வாற வரிசைக்கு வெட்கப்பட வேண்டாம், ஆனால் ஒதுங்குமிடம் கண்டால் ஒதுங்கி விடுங்கோ. ஜெர்மனியில் அது சட்டமும்தான். சுவிஸில் சில மலைச்சாலையில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு போட்டிருக்கும். அங்கே மஞ்சள் போஸ்ட் பஸ் சாரதி கையைக் காட்டினால் அவர் சொல்வதைக் கேட்க வேணும். வளைவுக்கு முன்னால் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிப்பார். குறுகின இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நிற்க வேணும்.

கரியாலை_ரசிகன் எழுதியது:

1.9 டர்போ டீசல் எஞ்சின் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லையே? என் நண்பர் போட்டார். 80-இல் ஏறுகிறார்.

பழைய_டீசல் எழுதியது:

போடலாம். ஆவணத்தில் பதிந்து, தொழில்நுட்பச் சோதனையில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அதிக சக்தி என்றால் அதிக வெப்பம். தகடு உதிர்ந்த ரேடியேட்டரோடு பெரிய எஞ்சினைப் போட்டால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பிரேக் அதே பிரேக்தான். முதலில் இருப்பதைச் சரிசெய்யட்டும்.

நெக்கர்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடியே கிரில்லைக் கழற்றினேன். ரேடியேட்டரின் கீழே ஒரு கை அகலத்துக்குத் தகடே இல்லை, தொட்டதும் துரு மாதிரி உதிர்ந்தது. ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்சின் பிளக்கைக் கழற்றிக் கம்பியால் இணைத்துப் பார்த்தேன். அதிக வேகம் ஓடுகிறது, குறைந்த வேகம் ஓடவில்லை. குமிழி இல்லை, ஹோஸும் விறைக்கவில்லை. புதிய ரேடியேட்டர், மின்தடை இரண்டும் வாங்கிவிட்டேன். கூலன்ட் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று படித்தேன், சரிதானா?

பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. எப்போது மாற்றியது என்று விற்ற பெரியவருக்கே நினைவில்லை. அண்ணா, அந்தப் பெடலை நான் பெரிதாக நினைக்கவில்லை. பிள்ளைகள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பழைய_டீசல் எழுதியது:

சரிதான், முன்பக்கம் உயரமாக நிற்கட்டும். ரேடியேட்டரின் மேல் திருகைத் திறந்து குமிழி இல்லாமல் தண்ணீர் வரும்வரை நிரப்புங்கள். ஹீட்டர் குமிழ்கள் எல்லாம் திறந்திருக்கட்டும். பின் இருக்கைக்கு அடியில் இரண்டாவது ஹீட்டர் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். மலையில் முள் ஏறினால் இரண்டு ஹீட்டரையும் முழுதாகத் திறந்து விடுங்கள். ஆகஸ்டில் கொடுமைதான், ஆனால் அவையும் இரண்டு சின்ன ரேடியேட்டர்.

லூசர்ன்_சாரதி எழுதியது:

போகும்போது சுரங்கத்தால் போங்கோ. 16.9 கிலோமீட்டர், உள்ளே ஏற்றம் மிகவும் குறைவு. வடக்கு வாசல் இருக்கிற கோஷனன் வரை ஏறினால் போதும், அதன் உயரம் 1,100 மீட்டர்தான். சிலர் சான் பெர்னார்டினோ கணவாய்ப் பாதையில் நெரிசல் இல்லை என்பினம். உண்மைதான், ஆனால் அந்தச் சுரங்கம் 1,600 மீட்டருக்கு மேலே. உங்கட வண்டிக்குக் கோட்ஹார்ட்தான் சுகம். கோடையில் வெள்ளி, சனியில் கோஷனன் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நிற்கும், ஏற்றத்தில் நின்று நின்று போக வேணும். கிழமை நாளில், விடியப்புறம் வாங்கோ.

நெக்கர்கரை எழுதியது:

போய் வந்தோம். போகும்போது செவ்வாய்க்கிழமை, அதிகாலை ஐந்தரைக்குக் கோஷனன். வரிசையே இல்லை. ஆம்ஷ்டெக் தாண்டியதும் நெடுஞ்சாலையில் 55-க்கு இறங்கியது, வலது தடத்தில் ஒரு லொறியின் பின்னாலேயே போனேன். முள் அசையவில்லை.

மஜ்ஜோரே ஏரிக்கரையில் லொகார்னோவில் எட்டு நாள். திரும்பும்போது வானம் தெளிவாக இருந்தது, வண்டி மேல் நம்பிக்கையும் வந்திருந்தது. கணவாய் வழியாகவே வந்தோம். கருங்கல் பதித்த பழைய டிரெமோலா சாலையை விட்டுவிட்டுப் புதிய சாலையைப் பிடித்தேன். இரண்டாவது கியரில் 30, 35. மூன்று முறை ஒதுங்கி வழிவிட்டேன், ஒருவர் கையை ஆட்டி நன்றி சொன்னார். முள் விளக்குக்குச் சற்று மேலே ஏறியது; ஹீட்டரைத் திறந்ததும் இறங்கியது. பிள்ளைகள் மட்டும் வியர்த்துப் போனார்கள். உச்சியில் ஏரிக்கரையில் நிறுத்திச் சோறு பொங்கினோம். அந்த உயரத்தில் அரிசி வேக நேரம் எடுத்தது.

வடக்கே ஹோஸ்பென்டால் ஊர் வரை இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். ஊருக்குள் நிறுத்தி நான்கு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். பெடல் மேலேயே நின்றது.

லூசர்ன்_சாரதி எழுதியது:

நல்லது தம்பி. பிரேக் ஆயில் மாற்றின திகதியை மூடியிலேயே எழுதி ஒட்டி வையுங்கோ, இரண்டு வருசத்தில் திரும்ப மாற்ற வேணும். அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் முன்னமே சொல்லுங்கோ, பிள்ளைகளோடு வீட்டில் சாப்பிட்டுப் போகலாம்.