மதம், மதப்பற்று, ஆன்மிகம்: மூன்றும் ஒன்றா?

தனிவழி:
"எனக்கு மதம் இல்லை, ஆன்மிகம் உண்டு" என்று சொன்னால் பலர் ஏற்பதில்லை. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் வினை இது. நூல், சடங்கு, குரு, கூட்டம் எல்லாம் சேர்ந்த அமைப்பு மதம். அதில் ஒருவர் எவ்வளவு ஊறியிருக்கிறார் என்பது மதப்பற்று. ஆன்மிகம் உள்ளுக்குள் நடப்பது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902-இல் வெளிவந்த தன் உரைகளில் அமைப்புகளை ஒதுக்கிவிட்டு, மனிதன் தனிமையில் உணர்வதைத்தான் ஆராய எடுத்துக்கொண்டார். வேர் அதுதான். மற்றதெல்லாம் பிறகு எழுப்பிய கட்டடம்.

நிலைப்படி:
கட்டடம் என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். பத்து வருடமாகத் தியானம் செய்பவன் நான். அப்பா இறந்த இரவில் எனக்கென்று சொந்தமாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. சிறுவயதில் மனப்பாடம் செய்த பிரார்த்தனைதான் வாயில் வந்தது. பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற அத்தை, நான் விட்ட வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். என் தியானத்தில் அத்தைக்கு இடமே கிடையாது. புனிதமானதைச் சுற்றி மனிதர்களை ஒரே சமூகமாகச் சேர்ப்பது மதம் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் 1912-இல் எழுதியது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தனிவழி:
அந்த இரவோடு வாதாட மாட்டேன். ஆனால் சேர்க்கிற கூட்டம்தான் விலக்கவும் செய்கிறது. பதினான்கு வயதில் ஒரு சந்தேகம் கேட்டேன். பாடம் சொன்ன பெரியவர் நூலை மூடி வைத்துவிட்டு, "இனி வராதே" என்றார். அவரைப்போல் நியமம் தவறாதவரை நான் பார்த்ததில்லை.

ஊடுபாவு:
அப்படியானால் சிக்கல் மதப்பற்று என்ற சொல்லில் இருக்கிறது. உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ராஸும் 1967-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: மதத்தை வாழ்கிறவர்கள், மதத்தைப் பயன்படுத்திக்கொள்கிறவர்கள். மதிப்புக்காகவோ பாதுகாப்புக்காகவோ வருகிறவரும் தவறாமல் வழிபடலாம், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதே கேள்வியை ஆன்மிகவாதிகளிடமும் கேட்க வேண்டும். மன அமைதிக்கு மட்டும் கண்ணை மூடுகிறவரும் பயன்படுத்திக்கொள்கிறவர்தானே?

நிலைப்படி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தனியாக நடப்பவர் தடம் மாறினால் எடுத்துச் சொல்ல ஆளில்லை. அப்புறம், வள்ளலாரைப் பாருங்கள். சமயச் சண்டைகளை அவ்வளவு சாடியவரே 1865-இல் சங்கம் தொடங்கினார், 1872-இல் சத்திய ஞான சபையை எழுப்பினார். உணர்ந்ததை அடுத்தவர் கையில் கொடுக்க அவருக்கும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

தனிவழி:
சரி, கொடுப்பதற்கு அமைப்பு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுக்க ஏதோ ஒன்று அவருக்குள் முதலில் பிறந்திருக்கிறது. என் பேச்சு அதைப் பற்றித்தான். ஒன்று கேட்கிறேன்: உங்கள் அத்தைக்கு அந்தப் பிரார்த்தனை தெரியாமல் இருந்து, சும்மா உங்கள் கையை மட்டும் பிடித்திருந்தால் அது குறைந்துபோயிருக்குமா?

நிலைப்படி:
கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். எது என்னைத் தாங்கியது என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை எனக்கு முடியவில்லை.