கையில் தட்டுப்படாத கருத்தடை இம்ப்ளான்ட்: ஸ்கேனில் பிடித்து எடுப்பது எப்படி?

வெண்ணிலா_ஓஜி:
உகாண்டாவில் மாவட்ட மருத்துவமனை கிளினிக்கல் ஆபீசர்களுக்கான (டாக்டர் பட்டமில்லாமல் சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்கள்) பயிற்சிக் குறிப்புக்காகக் கேட்கிறேன். 2013இல் ஜடெல், இம்ப்ளனான் (மேல்கைத் தோலுக்கடியில் வைக்கும் குச்சி போன்ற கருத்தடை ராடுகள்) விலை பாதியாகி 8.50 டாலர் அளவுக்கு வந்தபின் ஆப்பிரிக்க நாடுகளில் போட்டது ஏராளம். எடுக்கும் பயிற்சி அந்த வேகத்துக்கு வளரவில்லை. ராடு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் பிரசவ வார்டில் இருக்கும் வளைந்த புரோப் (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவி) போதுமா? ஸ்கேனில் எதைத் தேட வேண்டும்? எதுவரை அங்கேயே எடுக்கலாம்?

சோனோ_கண்:
வளைந்த புரோப் வேண்டாம் மேடம். வயிற்றுக்குள் பார்க்கச் செய்த 3.5 மெகாஹெர்ட்ஸ், தோலுக்கு அரை செ.மீ. கீழே இருக்கும் 2 மி.மீ. ராடைக் காட்டாது. லீனியர் (தட்டைமுனை) புரோப், 10 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். ஆழம் 2–3 செ.மீ., ஃபோகஸ் மேலே. காம்பவுண்ட் இமேஜிங்கை (பல கோணப் படங்களைச் சேர்க்கும் வசதி) அணைத்துவிடுங்கள். படத்தை அழகாக்க அது நிழலை மங்கடித்துவிடும். நமக்கு வேண்டியதே ராடுக்குக் கீழே விழும் அந்த நிழல்தான்.

புதியவர்கள் புரோப்பைக் கையின் நீளவாக்கில் வைத்து ராடைத் தேடுவார்கள். அது கிடைக்காது. குறுக்காக வையுங்கள். ராடு சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், பல நேரம் அதுவும் கொழுப்பில் கலந்துவிடும். அதன் கீழே நேராக இறங்கும் கறுப்புக் கோட்டைப் பிடியுங்கள். ஃபேஷியா (தசையைப் போர்த்திய சவ்வு) மடிப்பும் நிழல் போடும், ஆனால் புரோப்பைச் சற்றுச் சாய்த்தால் மறைந்துவிடும். ராடின் நிழல் 4 செ.மீ. தூரம் கூடவே வந்து, இரு முனையிலும் வெட்டினாற்போல் நிற்கும்.

ராடு போட்ட தழும்பில் தொடங்கி அக்குள் வரை மெதுவாக நகர்த்துங்கள். அழுத்தக் கூடாது: அழுத்தினால் பேசிலிக் வெயின் (மேல்கை உட்புற ரத்தநாளம்) நசுங்கிக் கண்ணில் படாது, அளக்கும் ஆழமும் பொய்யாகும்.

தியேட்டர்_சிஸ்டர்:
எடுக்கும்போது கை எப்படி இருக்குமோ அப்படியே வைத்து ஸ்கேன் பண்ணுங்கள்: மல்லாந்து படுத்து, முழங்கை மடக்கி, உள்ளங்கை தலைக்கு அடியில். கையை நீட்டிக் குறி போட்டு, மடக்கி அறுத்தால் குறி ஓர் இடம், ராடு ஓர் இடம். இரு முனை, நடு, தோலிலிருந்து ஆழம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், ஸ்கின் மார்க்கர் வேண்டும்.

புரோப் உறை இல்லையென்றால் ஸ்டெரைல் கையுறைக்குள் ஜெல் விட்டு, குமிழி போக நீவி மாட்டலாம். வெளியே ஸ்டெரைல் சலைன் போதும். சாதா ஜெல் காயத்துக்குள் போகக் கூடாது.

கத்தி_வேண்டாம்:
1% லிக்னோகெய்ன் (மரத்துப்போகும் மருந்து) 1–2 மி.லி., ஸ்கேனில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே ராடுக்கு அடியில். மருந்து ராடை மேலே தள்ளிக்கொடுக்கும். மேலே போட்டால் ராடு இன்னும் கீழே போகும். சிரிஞ்சில் காற்று இருந்தால் அதுவே நிழல் போட்டு ராடை மறைத்துவிடும். இது அடிக்கடி நடப்பது.

ராடின் நடுப்பகுதிக்கு மேலே, ராடுக்கு இணையாகச் சுமார் 4 மி.மீ. வெட்டு. கத்தியில்லா வாசெக்டமிக்கு வரும் வளையமுனை ஃபோர்செப்ஸில் வளையம் 2.2 மி.மீ. ஆகச் சிறுத்த வகை ஒன்று உண்டு. அதை உள்ளே விட்டு ராடைக் குறுக்காகப் பிடித்து, மேலே திருப்பி, சுற்றியிருக்கும் நார்ச்சவ்வைச் சுரண்டினால் வெள்ளை ராடு தெரியும். சவ்வைத் திறக்காமல் இழுத்தால் ராடு முறியும். கையில் மின்சாரம் பாய்ந்தது போல வலி என்றால் நிறுத்துங்கள், பிடித்திருப்பது நரம்பாக இருக்கலாம்.

ராடு ஃபேஷியாவுக்குக் கீழே, தசைக்குள், அல்லது பிரேக்கியல் ஆர்ட்டரியை (மேல்கையின் முக்கிய தமனி) ஒட்டி இருந்தால் மாவட்ட அளவில் தொடவே வேண்டாம்.

வெண்ணிலா_ஓஜி:
நன்றி. ஸ்கேனிலும் கிடைக்கவில்லை என்றால்?

சோனோ_கண்:
இம்ப்ளனான் என்எக்ஸ்டி என்றால் பேரியம் கலந்தது, கை எக்ஸ்ரேயில் தெரியும். அதிலும் இல்லையென்றால் மார்பு எக்ஸ்ரே. அரிதாக ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போயிருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே ஆழத்தைச் சொல்லாது, அதை வைத்து அறுக்கக் கூடாது. பழைய இம்ப்ளனானில் பேரியம் கிடையாது, அதனால் பெண்ணின் கார்டில் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
ஜடெல் என்றால் இரண்டு ராடு. ஒன்று வந்து மற்றது வரவில்லையென்றால் அன்றைக்கே தோண்டாதீர்கள். மருந்தும் வீக்கமும் சேர்ந்து ஸ்கேனைக் கெடுத்திருக்கும். சில வாரம் கழித்து வரச்சொல்லுங்கள். வெளியே வந்ததை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள்: ஜடெல் 4.3 செ.மீ., இம்ப்ளனான் 4. குறைந்தால் துண்டு உள்ளே இருக்கிறது.