"இந்த 900 ரூபாய் வேண்டாங்க சார்"

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஹெச்ஆர் வேலை பார்க்கிறேன். இது 2022 ஏப்ரலில் நடந்தது.

சம்பள உயர்வுக் கடிதம் கொடுத்த மறுநாள், லேத்தில் நிற்கும் அண்ணன் ஒருவர் ஷிப்ட் முடிந்து என் மேசைக்கு வந்தார். கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை. கடிதத்தில் கறை படக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். "சார், இந்த 900 ரூபாய் எனக்கு வேண்டாங்க சார். பழைய சம்பளமே இருக்கட்டுங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கேட்டுக் கேட்டு வாங்கிய உயர்வு அது. உட்காரச் சொல்லிப் பேசிய பிறகுதான் புரிந்தது. அவர் சம்பளம் 20,600. உயர்வோடு சேர்த்தால் 21,500. தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐக்கு அப்போது சம்பள வரம்பு 21,000. அவருடைய அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், எல்லாம் அந்த இஎஸ்ஐ கார்டில்தான். அதற்காக அவர் சம்பளத்தில் பிடிப்பது மாதம் 155 ரூபாய். வரம்பைத் தாண்டி வெளியே வந்தால், சில மாதங்களில் மொத்தச் செலவும் அவர் தலையில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் வழியில்லை, அதன் வருமான வரம்பை அவர் எப்போதோ தாண்டிவிட்டார்.

பட்டியல் போட்டவன் நான். யார் யார் 21,000-ஐத் தாண்டுகிறார்கள் என்று பார்க்காமல் விட்டவனும் நான்தான். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

உயர்வை ஓவர்டைமாகக் காட்டிவிடலாம், ஓவர்டைம் வரம்புக் கணக்கில் வராது என்று சூப்பர்வைசர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செய்யாத ஓவர்டைமை எழுதினால் அது பொய்க்கணக்கு. அடிப்படைச் சம்பளம் ஏறாவிட்டால் நாளைக்கு அவருடைய பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாமே குறையும்.

வழி சட்டத்திலேயே இருந்தது. இஎஸ்ஐக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலம் தொடங்கிய பிறகு சம்பளம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை அவர் இஎஸ்ஐயில் இருக்கலாம். உயர்வுக்கு நாங்கள் ஏப்ரல் 1 என்று, அதாவது காலம் தொடங்கும் நாளையே, தேதி போட்டதுதான் வினை. நிர்வாகத்திடம் பேசி மே 1 என்று மாற்றினேன். செப்டம்பர் 30 வரை அவர் இஎஸ்ஐயில் தொடர முடிந்தது. அதற்குள் கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் பெற்றோரையும், ஏற்கெனவே இருக்கும் நோயோடு, சேர்க்கச் சொல்லி முதலாளியை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை சரி என்றார். ஏப்ரல் மாத 900 போனதைப் பற்றி அந்த அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மார்ச்சிலேயே 19,500-க்கு மேல் வாங்குகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்காவது இஎஸ்ஐயில் வைத்தியம் ஓடுகிறதா என்று கேட்ட பிறகுதான் பட்டியல் போடுகிறேன்.

*

நானும் ஹெச்ஆர்தான், திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பிஎஃப் பதிவில் எங்களுக்கு இனிஷியல்தான் பெரிய தலைவலி.

ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் மகளின் காலேஜ் ஃபீஸுக்காக பிஎஃப் கேட்டார், ரிஜெக்ட் ஆகிவிட்டது. பழைய கம்பெனியில் சேரும்போது பிஎஃபில் பதிந்தது அப்பா பேரின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். திருத்த வேண்டுமென்றால், தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தில் பழைய கம்பெனி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனியை மூடியே பல வருஷம் ஆகியிருந்தது. அரசு அதிகாரி ஒருவரிடம் சான்று வாங்கி, அலைந்து முடிக்க மூன்று மாதம். ஃபீஸ் கடைசித் தேதி அதற்குள் போய்விட்டது, வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார்.

அதிலிருந்து, சேரும் அன்றே ஆதாரைப் பக்கத்தில் வைத்து, "அக்கா, இந்த இனிஷியல் யார் பேருங்க?" என்று கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் பதிகிறேன். ஓர் ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். வாசலில் வரிசை நிற்கும்போது லைன் மேனேஜர் சத்தம் போடுவார். போடட்டும்.