பள்ளி நூலகர் லிங்க் அனுப்பலாமா, புத்தகம் கொடுத்தால் மட்டும் போதுமா?

அலமாரிக்காரி:
உயர்நிலைப் பள்ளியில் நூலகராக இருக்கிறேன். வாரம் ஒரு பக்கம் தயார் செய்து 9 முதல் 12 வரை எல்லா வகுப்புக் குழுக்களிலும் போடுவேன். எங்கள் அலமாரியில் இருக்கிற மூன்று நாலு புத்தகம், அவற்றை ஒட்டி இரண்டு மூன்று இணைய முகவரி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு. போன வாரத்தில் வந்த ஒன்று இப்படி: "நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன? 523.8 என்று எண் ஒட்டிய தட்டில் நீல அட்டைப் புத்தகம், நான்காம் அத்தியாயம் மட்டும் படித்தால் போதும். படித்துவிட்டு நாசாவின் தினம் ஒரு வானியல் படம் பக்கத்துக்குப் போங்கள், 1995 முதல் போட்ட படங்கள் எல்லாம் இருக்கின்றன, தேடல் பெட்டியில் சூப்பர்நோவா என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்."

"புத்தகம் எடுத்துக் கொடுக்கிறதுதான் உங்க வேலை, லிங்க் தேட கூகுள் இருக்கே" என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் கேள்வி இருக்கிறது இல்லையா. இங்கே நூலகர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் இருப்பதால் கேட்கிறேன், தாராளமாகத் திட்டலாம்.

மைவாசம்:
திட்டவில்லை, ஆனால் அவர் பக்கம்தான் நான். லிங்க்கைத் தட்டியதும் பிள்ளை எங்கே போகிறான்? போனுக்குள். நட்சத்திரம் பார்க்கப் போனவன் இரண்டாவது நிமிஷம் ரீல்ஸில் இருப்பான், கேட்டால் நூலக மேடம் அனுப்பியதைத்தான் பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்வான். நாள் முழுக்கத் திரையிலேயே கிடக்கிற வயசுக்குத் திரை இல்லாத ஒரே இடம் நூலகம், அங்கிருந்தும் திரைக்கு ஒரு கதவு திறக்க வேண்டுமா? லிங்க் தேடி, சரிபார்த்து, குறிப்பு எழுதுகிற நேரத்தில் தட்டில் முதுகு மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிற புத்தகங்களை எடுத்து மேசைமேல் அட்டை தெரிய நிறுத்தி வையுங்கள். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், அட்டை தெரிந்தால்தான் பிள்ளை கை வைக்கும்.

ரூட்டர்:
மைவாசம் ஐயா, போன் ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது, நூலகர் லிங்க் அனுப்பாவிட்டால் ரீல்ஸ் பார்க்காமல் இருந்துவிடுவானா என்ன. அப்புறம் இன்னொன்று. அலமாரியில் ஒரு பிரதி இருக்கிறது, வகுப்பு முழுவதற்கும் ஒரே வாரத்தில் ஒரே தலைப்பில் செயல்திட்டம் கொடுக்கிறார்கள், முதலில் ஓடிப்போய் எடுத்தவனைத் தவிர மற்றவர்கள் என்ன செய்வார்கள்? குட்டன்பர்க் திட்டம் 1971ல் தொடங்கியது, இன்று 70,000 மின்னூலுக்கு மேல் இருக்கிறது, எந்தப் பள்ளி அலமாரி அதைத் தாங்கும்? தமிழுக்கு 1998லிருந்து மதுரைத் திட்டம் இருக்கிறது. கணக்குக்கு கான் அகாடமி. இந்த மூன்றையும் விக்கிபீடியாவையும் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது, வாரா வாரம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அலமாரிக்காரி:
ரூட்டர், நீங்கள் என் பக்கம் பேசுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே படித்தேன், கடைசி வரியில் கவிழ்த்துவிட்டீர்களே. 70,000 புத்தகம் உள்ள தளத்தின் முகப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அனுப்புவது, வழி கேட்டவன் கையில் உலக வரைபடப் புத்தகத்தைத் திணிப்பது மாதிரி. அவன் தேடுவது ஒரு பேய்க்கதை, பத்துப் பக்கத்துக்குள் முடிகிற பேய்க்கதை. அந்த ஒரு கதையின் பக்கத்துக்கே நேராகப் போகிற முகவரியைக் கொடுத்தால் திறப்பான். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அவர் காலத்தில் தட்டும் அட்டவணையும்தான், ஆனால் லிங்க்குக்கும் அதேதான்.

மைவாசம்:
ரங்கநாதனை இழுத்ததால் சொல்கிறேன், அதே ஐந்தில் மூன்றாவது என்ன? ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். உங்கள் பக்கத்தில் லிங்க்கும் புத்தகமும் அக்கம்பக்கத்தில் இருந்தால் பிள்ளை எதைத் தொடுவான்? எழுந்து நடக்க வேண்டியதையா, உட்கார்ந்த இடத்தில் தட்டினால் வருவதையா? புத்தகம் தோற்கும். ஒவ்வொரு வாரமும் தோற்கும். வாசகர் வராத புத்தகத்தை அப்புறம் நிர்வாகம் எடை போட்டுக் கழித்துவிடும், வாங்குகிற பணத்தையும் வெட்டும்.

வேதியியல்வாத்தியார்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். லிங்க் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்கு. என்னிடம் வருகிற செயல்திட்டங்களில் ஆதாரம் என்ற இடத்தில் "கூகுள்" என்று மட்டும் எழுதியிருக்கும். இப்போது அந்த இடத்தில் ஏஐ செயலியின் பெயர் வருகிறது, அதுவே இட்டுக்கட்டிய கட்டுரைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கொடுக்கும், பையன் அதையும் அப்படியே ஒட்டிவிடுவான். தேடிப் பார்த்தால் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. இதைப் பிடிக்கச் சொல்லித் தருவது யார்? பாடம் முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2017ல் வெளியானது. வரலாற்று ஆய்வாளர்கள், செய்தி சரிபார்க்கிறவர்கள், அங்கேயே படிக்கிற இளங்கலை மாணவர்கள், மூன்று கூட்டத்துக்கும் அறிமுகமில்லாத வலைத்தளங்களைக் காட்டி நம்பலாமா என்று கேட்டார்கள். மாணவர்களும் பல ஆய்வாளர்களும் அதே பக்கத்தை மேலும் கீழும் உருட்டி, லோகோ அழகாக இருக்கிறதா, முகவரி நம்பகமாகத் தெரிகிறதா என்று பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்க்கிறவர்கள் பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை, உடனே புது டேப் திறந்து இந்த அமைப்பு யார், யார் பணம் போடுகிறார்கள் என்று வெளியே தேடினார்கள், சீக்கிரமாகவும் சரியாகவும் முடித்தார்கள். இந்தப் பழக்கம் நூலக வகுப்பில் வர வேண்டும். அலமாரிக்காரி மேடம், வாராவாரம் ஒரு நல்ல லிங்க்குக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு மோசமான லிங்க்கையும் போட்டு, எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்களேன்.

அலமாரிக்காரி:
வாத்தியார், யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் குழுவில் போடமாட்டேன். மோசமான லிங்க் என் பெயரில் நாலு கை மாறிப் போனால் குறிப்பு உதிர்ந்துவிடும், லிங்க் மட்டும் மிஞ்சும். நூலக வகுப்பில், பெரிய திரையில், எல்லோரும் இருக்கும்போது செய்யலாம்.

பிடிஎஃப்புலி:
எல்லாரும் சுற்றி வளைக்கிறீங்க. எந்தப் புத்தகம் வேண்டுமானாலும் பிடிஎஃப் கிடைக்கிற குழு இருக்கிறது, பாட வழிகாட்டி முதல் போன மாசம் வந்த நாவல் வரை. அந்த ஒரு லிங்க் போதும். பணம் இல்லாத பிள்ளைக்குப் புத்தகம் கிடைப்பது முக்கியமா, பதிப்பாளர் லாபம் முக்கியமா?

அலமாரிக்காரி:
புலி, அதைப் பள்ளிப் பெயரில் அனுப்பமாட்டேன். லாபத்துக்காக இல்லை. போன மாசம் வந்த நாவலை எழுதியவர் அடுத்த நாவலை எழுத வேண்டுமே. பணம் இல்லாத பிள்ளைக்கு நான் கொடுப்பதும் இலவசம்தான், அதற்குத்தானே நூலகம். பதிப்புரிமை முடிந்ததைத் தாராளமாக அனுப்புகிறேன், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது பகிரலாம் என்று அனுமதி கொடுத்து, ஆசிரியரே விட்டதை அனுப்புகிறேன். அதிலும் கவனம் வேண்டும். நாடுகள் பதிப்புரிமைக்காகச் செய்துகொண்ட பெர்ன் ஒப்பந்தப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 வருஷம் உரிமை நீடிக்கும், இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. ஒரு நாட்டில் பொதுவுடைமையானது இன்னொரு நாட்டில் ஆகியிருக்காது, குட்டன்பர்க் தளமே உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது.

பிடிஎஃப்புலி:
இன்டர்நெட் ஆர்கைவ் என்கிற இணைய நூலகம் நல்ல எண்ணத்தோடு நூலகம் மாதிரியே ஒரு நேரத்தில் ஒருவருக்கு என்று இரவல் கொடுத்தது, அதையே விட்டு வைத்தார்களா? 2020ல் நாலு பெரிய பதிப்பகம் சேர்ந்து வழக்கு, 2023ல் தோல்வி, 2024ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. 5 லட்சம் புத்தகத்துக்கு மேல் இரவலில் இருந்து எடுத்துவிட்டார்கள். சட்டப்படி நடந்தாலும் இதுதான் கதி.

ரூட்டர்:
வழக்குக்குப் போனதே, கொரோனா நேரத்தில் ஒரு பிரதி ஒரு ஆள் என்ற வரம்பைத் தற்காலிகமாக எடுத்ததற்குப் பிறகுதான், அதை ஏன் விட்டுவிட்டீர்கள். தீர்ப்பு வரம்போடு கொடுத்த இரவலையும் சேர்த்தே அடித்தது என்பது உண்மை, எனக்கும் அதில் வருத்தம்தான். அதற்காகத் திருட்டுக் குழு நூலகம் ஆகிவிடாது.

மைவாசம்:
புலி சொன்னதில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது! ஒரு வழக்கில் 5 லட்சம் புத்தகம் கதவடைத்துக்கொள்கிற அலமாரி எங்கேயாவது உண்டா? மின்னூலை நூலகம் பெரும்பாலும் வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறது. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011ல் 26 முறை இரவல் போனதும் உரிமம் தீர்ந்தது, மறுபடி பணம் கட்டு என்று விதி போட்டது நினைவிருக்கிறதா? அச்சுப் புத்தகம் 26வது பிள்ளைக்குப் பிறகும் தட்டில் நிற்கும், முதுகு கிழிந்தால் பைண்டிங் போட்டால் போதும்.

பத்தாம்வகுப்பு_அம்மா:
இவ்வளவு பேசுகிறீர்கள், யாரும் என் பயத்தைத் தொடவில்லை. போன வருஷம் மகளுடைய பள்ளியில் இருந்து ஒரு "இலவச" வாசிப்புத் தளத்தின் லிங்க் வந்தது. உள்ளே போக மின்னஞ்சல், பிறந்த தேதி, பள்ளிப் பெயர், போட்டோ, எல்லாம் கேட்டது. அவளும் கொடுத்துவிட்டாள், பள்ளியில் இருந்து வந்ததாயிற்றே. அதற்கப்புறம் கோச்சிங் விளம்பரம் வராத நாள் இல்லை. பல தளங்கள் 13 வயசுக்குக் கீழே கணக்கு கிடையாது என்று விதி வைத்திருக்கின்றன, ஆனால் பிள்ளை ஒரு வருஷம் கூட்டிப் போட்டால் யார் பார்க்கிறார்கள்? லிங்க் அனுப்புகிற நூலகர் முதலில் தானே ஒரு பிள்ளையாக அதற்குள் போய்ப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

அலமாரிக்காரி:
பார்க்கிறேன் அம்மா. கணக்கு எதுவும் திறக்காத உலாவியில், தனி சாளரத்தில், போனிலும் கணினியிலும். கணக்கு கேட்டால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவேன், எவ்வளவு நல்ல தளமானாலும் சரி. கட்டாயம் வேண்டும் என்றால் நூலகக் கணினியில் பள்ளியின் பொதுக் கணக்கில் பார்க்க வைப்பேன். முதல் திரையிலேயே விளம்பரம் குதிக்கிற தளத்துக்கும் இதே கதிதான்.

பின்வரிசை:
நான் பன்னிரண்டாம் வகுப்பு. பெரியவங்க பேசுற இடத்துல வர்றதுக்கு ஸாரி. உண்மையைச் சொல்றேன், குழுவுல வர்ற லிங்க்ல முக்கால்வாசியை யாரும் திறக்கிறதில்லை. தலைப்பு மட்டும் இருக்கும், எதுக்குத் திறக்கணும்னு இருக்காது. ஆனா ஒண்ணு சொல்லணும். சில விஷயத்துக்கு லிங்க் இல்லாம முடியாது. தூக்கம் வராம, காரணமே இல்லாம அழுகை வர்ற மாதிரி இருக்கும்போது அதைப் பற்றி ஒரு புத்தகம் இருக்குன்னு தெரிஞ்சாலும், அந்த அட்டையோட வரிசையில நின்னு எழுதி வாங்கிட்டு வர மாட்டோம். பின்னாடி கிளாஸ் பையன் நிப்பான். லிங்க்னா ராத்திரி தனியாப் படிச்சுக்கலாம்.

மைவாசம்:
தம்பி, நீ வந்து சொன்னது நல்லது. நான் கட்சி மாறவில்லை, ஆனால் இதற்குப் பதில் யோசிக்கத்தான் வேண்டும். ஒன்று கேட்கிறேன். போன் உன்னுடையதா, வீட்டுக்குப் பொதுவா? எத்தனையோ வீட்டில் அப்பா அம்மா எடுத்துப் பார்க்கிற போன்தான். நீ தேடியது அதில் அப்படியே வரிசையாக இருக்கும், அடுத்த நாள் அது சம்பந்தமான விளம்பரமும் வரும். நூலகத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து புரட்டிவிட்டுத் திரும்ப வைத்த புத்தகம் யாரிடமும் எதையும் சொல்லாது.

பின்வரிசை:
அது சரிதான் ஐயா. அப்படின்னா அந்தப் புத்தகங்களைக் கவுண்டர் முன்னாடி இருக்கிற தட்டுல வைக்கக்கூடாது.

அலமாரிக்காரி:
பின்வரிசை, குறித்துக்கொண்டேன். அந்தத் தட்டை ஜன்னல் பக்கம் மாற்றுகிறேன், அங்கேயே உட்கார்ந்து படிக்க நாற்காலியும் போடலாம், பதிவு எதுவும் வேண்டாம். யார் என்ன எடுத்தார்கள் என்பது ரகசியம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939லேயே நெறியாக எழுதிவிட்டது, என் பதிவேடோ மேசைமேல் திறந்தபடி கிடக்கிறது, முந்தைய வரியில் இருக்கும் பெயரை அடுத்தவன் படித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போடுகிறான். பதிவேட்டுக்குப் பதில் ஆளுக்கொரு பதிவு அட்டை என்று மாற்றினால் தீரும். அப்புறம், தூக்கமும் அழுகையும் ரொம்ப நாளாக இருந்தால் புத்தகத்தோடும் லிங்க்கோடும் நிறுத்தாதே. பள்ளி ஆலோசகரிடமோ நீ நம்புகிற ஒரு பெரியவரிடமோ பேசு, என்னிடம் வந்தாலும் சரி.

வேதியியல்வாத்தியார்:
செத்துப்போன லிங்க்குகளை என்ன செய்வீர்கள் மேடம்? போன வருஷம் நான் கொடுத்த பக்கங்களில் சிலது இப்போது திறக்கவே இல்லை.

அலமாரிக்காரி:
அனுப்பும் அன்றே வேபேக் மெஷினில் சேமித்துவிடுவேன், பக்கம் போனாலும் அதில் பழைய நகல் இருக்கும். பருவத் தொடக்கத்தில் நூலகக் குழுப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார்கள், திறக்காததை அடித்துவிடுவார்கள். மைவாசம் ஐயாவுக்கு இன்னொன்று. புத்தகம் தோற்கும் என்றீர்களே, அதனால்தான் லிங்க்கைப் புத்தகத்துக்குள்ளேயே வைக்கலாம் என்று பார்க்கிறேன். புத்தகத்தை எடுத்தால்தான் க்யூஆர் கோடு கிடைக்கும், குழுவில் வராது.

மைவாசம்:
அது கொஞ்சம் தேவலாம். ஆனால் தயவுசெய்து பின்னட்டையில் ஒட்டாதீர்கள், அங்கே இருக்கிற நாலு வரி அறிமுகத்தைப் படித்துத்தான் பிள்ளை புத்தகத்தை எடுக்கும். அத்தியாயம் முடிகிற பக்கத்தில் தனிச் சீட்டாகச் செருகி வையுங்கள்.

ரூட்டர்:
தனிச் சீட்டு ஒரு வாரத்தில் காணாமல் போகும் ஐயா.

மைவாசம்:
போனால் இன்னொன்று அச்சடியுங்கள், புத்தகம் இருக்குமில்லையா.

பத்தாம்வகுப்பு_அம்மா:
சீட்டிலேயே "கணக்கு தேவையில்லை" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள் மேடம். அது இல்லாத சீட்டைத் தொடாதே என்று மகளிடம் சொல்லிவிடுவேன்.