இரண்டாவது ஆய்வு மொழியாக எதை எடுப்பது? சமஸ்கிருதமா, மலாய் மொழியா?

கேட்டவர்: நாகூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசியவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் நாகூர். சென்னையில் எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு இங்கே வந்தேன்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பத்திரிகையும் அச்சகமும் நடத்திய தமிழ் முஸ்லிம்கள் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். 1887 முதல் 1890 வரை சிங்கப்பூரில் வெளிவந்த ‘சிங்கை நேசன்’ வார இதழிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

தகுதித் தேர்வுக்கு முன்னால் இரண்டு ஆசிய மொழிகளில் வாசிப்புத் தேர்வு எழுதியாக வேண்டும். ஒன்று தமிழ், அதில் கவலை இல்லை. இரண்டாவது சமஸ்கிருதம்தான் என்கிறார் நெறியாளர். தென்னாசியப் பிரிவு மாணவர்கள் வழக்கமாக அதைத்தான் எடுப்பார்களாம். எனக்கு மலாய் வேண்டும். ஆனால் அது தென்கிழக்காசியப் பிரிவில் வருகிறது. அங்கேயும் இந்தோனேசியம்தான் கற்பிக்கிறார்கள். ஆய்வுக் குழுவில் இன்னொரு பேராசிரியர், “நீ தென்னாசியாவா, தென்கிழக்காசியாவா, அதை முதலில் முடிவு செய்” என்றார். என் பாட்டியின் அண்ணன் பினாங்கில் கடை வைத்திருந்தவர். எங்கள் வீட்டில் யாருக்கும் அது வேறொரு உலகமாகத் தோன்றியதே இல்லை. இதைப் பேராசிரியரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

இதற்கு நடுவில் முதலாண்டுத் தமிழ் வகுப்புக்கு டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலையும் பார்க்கிறேன். வாரத்துக்கு 20 மணி நேரம் என்று கணக்கு. தினமும் வகுப்பு, தினமும் திருத்த வேண்டிய தாள். பிள்ளைகள் எனக்குப் பிடித்தமானவர்கள். ஒருத்தி சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி ஆய்வு செய்கிறாள்; இரண்டு பேர் தாத்தா பாட்டியிடம் பேச வேண்டும் என்று வந்தவர்கள். அவர்கள் வகுப்பைக் குறைத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் புது மொழி படிக்க நேரம் எங்கே? இந்தப் பாதையில் போனவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

நான் தென்னாசிய சமயங்களில் பட்டம் முடித்துவிட்டு இப்போது வேலை தேடுகிறேன். உங்கள் ஆசை புரிகிறது. ஆனாலும் சமஸ்கிருதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தென்னாசிய சமயங்கள், இலக்கியம் என்று வருகிற வேலை விளம்பரங்களில் அந்த மொழிக்கு இன்னும் எடை இருக்கிறது. தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரைத் தேடி வருகிற விளம்பரம் மிகக் குறைவு. நெறியாளர் ஒருவேளை உங்கள் வேலையை நினைத்துத்தான் சொல்கிறாரோ என்னவோ, கேட்டுப் பாருங்கள்.

வரலாற்றுத் துறை வேலைகளுக்குத்தான் போவீர்கள் என்றால் கதை வேறு. அங்கே இந்தியப் பெருங்கடல் வரலாறு படித்தவருக்கு இடம் உண்டு.

மொழி வகுப்பு அக்கா:

தங்கச்சி, நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளர். நிரந்தரப் பதவி கிடையாது, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகிற வேலை. ஆய்வுக் குழுவில் உட்காரும் இடத்தில் நான் இல்லை. ஆனால் மொழித் தேர்வால் தடுக்கி விழுந்த மாணவர்களையும் எழுந்து போனவர்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பேராசிரியரின் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியாமல் நின்றது உங்கள் குறை அல்ல. உங்கள் ஆட்கள் வாழ்ந்த காலத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்த நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் வரைக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் நிர்வாகத்தில் இருந்தன. அதுவரை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் ஒரே அரசாங்கத்தின் இன்னொரு துறைமுகத்தில் இறங்கினார். தென்கிழக்காசியா என்ற வட்டாரப் பெயர் பெரிதாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போரில். 1943-இல் மவுண்ட்பேட்டன் தலைமையில் ஒரு படைத் தலைமையகத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அது டெல்லியில் தொடங்கி அடுத்த ஆண்டே இலங்கையில் பேராதனைக்கு மாறியது.

போர் முடிந்ததும் பல்கலைக்கழகங்கள் அதே வரைபடத்தை எடுத்துக்கொண்டன. 1948-இல் பென்சில்வேனியாவில் தென்னாசியத் துறையைத் தொடங்கிய நார்மன் பிரவுன் ஒரு சமஸ்கிருத அறிஞர். கார்னெலில் தென்கிழக்காசியத் திட்டம் 1950-இல் தனியாக வந்தது. 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய் 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து, வெளிநாட்டு மொழிகளுக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணமும் வட்டாரம் வட்டாரமாகத்தான் வந்தது. உங்கள் துறையில் சமஸ்கிருதம் ஒரு பக்கமும் மலாய் இன்னொரு பக்கமும் இருப்பதற்கு இதுதான் காரணம். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தென்னாசியாவும் தென்கிழக்காசியாவும் ஒரே துறை என்பதையும் உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். அமெரிக்க ஆசியவியல் சங்க மாநாட்டிலேயே வட்டாரம் கடந்த அமர்வுகளுக்கு என்று தனிப் பிரிவு உண்டு. நீங்கள் ஊரில் இல்லாத வழக்கம் எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது, சான்றுகள். ஆய்வு மொழியைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் சான்றுகள் மட்டும்தான் என்பது என் உறுதியான கருத்து. சைவ சித்தாந்தமோ, தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாள உரைகளோ எடுத்திருந்தால் நானே உங்களைச் சமஸ்கிருத வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பேன். உங்கள் விஷயம் அப்படி இல்லை. ‘சிங்கை நேசன்’ தொடங்குவதற்கு முன்பே, 1876-இல், அதே சிங்கப்பூரில் ‘ஜாவி பெரானாக்கான்’ என்ற மலாய் வார இதழ் தொடங்கிவிட்டது. தென்னிந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த வழியினரின் பத்திரிகை அது. உங்கள் தமிழ் அச்சகக்காரர்களின் உறவினரும் போட்டியாளரும் வாடிக்கையாளரும் அந்தப் பக்கங்களில் இருக்கக்கூடும். அதைப் படிக்காமல் தமிழ் இதழை மட்டும் வைத்து எழுதினால், ஒரு தெருவின் ஒரு பக்க வீடுகளை மட்டும் எண்ணியது போல ஆகும்.

மலாய் உரைநடையின் முன்னோடி முன்ஷி அப்துல்லாவையும் மறக்க வேண்டாம். மலாக்காவில் சிறுவயதில் தன் தந்தை தன்னைத் தமிழ் படிக்க அனுப்பியதாக அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கணக்கு வழக்குக்குத் தமிழ் தேவைப்பட்டது. இரண்டு மொழியும் அந்த ஊர்களில் ஒரே கடைத்தெருவில் புழங்கின என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எதற்கு?

நெறியாளரிடம் வாய்ச்சொல்லாக விவாதிக்க வேண்டாம். தமிழ் இதழில் ஒரு பக்கம், மலாய் இதழில் அதே வாரத்துக்கு நெருக்கமான ஒரு பக்கம், இரண்டையும் அச்செடுத்து மேசையில் வையுங்கள். கூடவே ஒரே பக்க அளவில் ஒரு குறிப்பு: எந்த அத்தியாயத்துக்கு எந்தச் சான்று, அது எந்த மொழியில் இருக்கிறது என்று. ஒப்புக்கொண்டால் மொழி மாற்றத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இது முக்கியம். ஆய்வு விடுப்பில் போகிற பேராசிரியரும் உண்டு, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவரும் உண்டு. பிறகு வருகிறவருக்கு நீங்கள் பேசியது எதுவும் தெரியாது.

பணம். வெளிநாட்டு மொழிகளுக்கான கூட்டரசு ஃபெல்லோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். மாணவர் விசாவில் வந்த உங்களுக்குக் கிடைக்காது, அதற்காக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதாதீர்கள். துறையின் கோடைக்கால நிதியைக் கேளுங்கள். விஸ்கான்சின் மாநிலத்து மாடிசனில் கோடையில் எட்டு வாரம் நடக்கும் தென்கிழக்காசிய மொழிப் பயிலகத்தில் இந்தோனேசியம் உண்டு. ஓராண்டுப் பாடத்தை அந்த எட்டு வாரத்தில் முடித்துவிடுவார்கள். இந்தோனேசியமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அது மலாயின் இன்னொரு வடிவம்தான். இலக்கணமும் அடிப்படைச் சொற்களும் அங்கே கிடைத்துவிடும்.

கடைசியாக டிஏ வேலை. மொழி வகுப்பு டிஏ-க்கும் பெரிய விரிவுரை வகுப்பு டிஏ-க்கும் மணிக்கணக்கு ஒன்றுதான், ஆனால் வேலை ஒன்றல்ல. விரிவுரை வகுப்பில் இடைத்தேர்வும் இறுதித் தேர்வும் வரும்போது மலைபோலத் தாள் குவியும். நடுவில் மூச்சு விடலாம். மொழி வகுப்பில் ஒரு நாள்கூடத் தப்ப முடியாது. வாசிப்புத் தேர்வு எழுதுகிற செமஸ்டருக்கு மட்டும் ‘ஆசிய நாகரிகங்கள்’ போன்ற ஒரு பாடத்துக்கு மாற்றிக் கேளுங்கள். உங்கள் தமிழ்ப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதாக நினைக்காதீர்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் தமிழ் வகுப்பையே எடுத்துவிடுவார்களோ என்ற கவலை எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் இருக்கிறது. அதைத் தாங்க வேண்டியது துறை. இரண்டாம் ஆண்டு மாணவியின் தோளில் அதை ஏற்றக் கூடாது.

பினாங்குத் தம்பி:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் படிக்கப்போகும் பத்திரிகைகள் இன்றைய ரோமன் எழுத்தில் இருக்காது, ஜாவியில் இருக்கும். அரபு எழுத்தோடு ச (ch), ங (ng), ப (p), க (g), ஞ (ny) ஒலிகளுக்குச் சில எழுத்துகளைக் கூட்டியது அது. நாகூர்க்காரர் என்கிறீர்கள், சின்ன வயதில் ஓதப் பழகியிருந்தால் எழுத்து உங்களுக்குப் பாதி வந்த மாதிரிதான். வீட்டில் பெரியவர்கள் அரபுத்தமிழ்க் கிதாபு (அரபு எழுத்தில் எழுதிய தமிழ் நூல்) வாசித்துப் பார்த்திருந்தால் இன்னும் சுலபம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய ஜாவியில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். சொல் முன்பே தெரிந்திருந்தால்தான் வாசிக்க முடியும். அதனால் முதலில் ரோமன் எழுத்தில் மலாய் நிறையப் படியுங்கள், அப்புறம் ஜாவிக்கு வாருங்கள்.

முடிந்தால் ஒரு கோடைக்காலம் இந்தப் பக்கம் வந்து தங்குங்கள். ஜார்ஜ் டவுனில் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையை ஒரு நடை எட்டிப் பாருங்கள். 1956-இல் தொடங்கிய துறை அது. தமிழும் மலாயும் சரளமாகத் தெரிந்தவர்களை அங்கே பார்க்கலாம்.

நாகூர்க்காரி:

மூன்று பேருக்கும் நன்றி. காவிரிக்கரை, நீங்கள் சொன்ன பிறகு நெறியாளருக்கு எழுதிக் கேட்டேன். ஆமாம், வேலையை நினைத்துத்தான் சொன்னாராம். வரலாற்றுத் துறைகளுக்கு விண்ணப்பிக்கவே விருப்பம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் சொன்னபடியே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதும்போதே ஒன்று தெரிந்தது: நான் நினைத்திருந்த நான்கு அத்தியாயங்களில் மூன்றுக்கு மலாய் இல்லாமல் முடியாது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்திலும் தேட வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். அந்தத் தொகுப்பு முதலில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்ததுதானே. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய்வந்தவர்களின் பகுதி என்பதால் அங்கே ஏதாவது சிக்கும் என்று நம்புகிறேன்.

தம்பி, ஓதியிருக்கிறேன். எங்கள் உம்மம்மா அரபுத்தமிழ் வாசிப்பார், நானும் தட்டுத்தடுமாறி வாசிப்பேன். வாரம் ஒருமுறை ஜாவி வாசிக்க யாராவது துணைக்குக் கிடைப்பார்களா? உங்களுக்கு நேரம் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். இங்கே சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் உங்களுக்கு இரவு ஆகிவிட்டிருக்கும், அது சரிப்படுமா?