கோமோ – பெல்லாஜியோ: 45 நிமிடமாம்!

தண்டவாளம்:
"மிலானிலிருந்து ஒருநாள் பயணம்" இழையில் லுகானோ_தம்பி அருளியது: "கோமோவுக்கு ரயில், அங்கயிருந்து பெல்லாஜியோவுக்குப் படகு 45 நிமிசம். பத்து மணிக்கு வெளிக்கிட்டாலும் தாராளம்." நாலு பேர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இழையைப் பூட்டிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

இத்தாலியின் கோமோ ஏரியில், தென்கோடிக் கோமோ துறையிலிருந்து ஏரி நடுவே இருக்கும் பெல்லாஜியோவுக்குப் படகு ஏறக்குறைய 2 மணி நேரம். செர்னோபியோ, தோர்னோ, அர்ஜென்யோ, லென்னோ, ட்ரெமெட்ஸோ என்று இந்தக் கரையும் அந்தக் கரையுமாக மாறி மாறி நின்றுதான் போகும். கணக்குப் போடுங்கள். 10 மணிக்கு மிலானில் ரயில். 10.40 வாக்கில் கோமோ சான் ஜொவான்னி. படிக்கட்டு இறங்கி ஏரிக்கரை போக 15 நிமிடம். கோடையில் டிக்கெட் வரிசை அரை மணி. 11.30க்குப் படகு கிடைத்தால்கூட பெல்லாஜியோவில் கால் வைக்கும்போது மணி ஒன்றரை. திரும்ப அதே 2 மணி. ஊரைப் பார்ப்பது எப்போது?

சரியான வழி: மிலானோ சென்ட்ராலேயில் திரானோ போகும் ரயில். லெக்கோ வழியாகக் கிழக்குக் கரையின் வரென்னா, ஒரு மணி நேரம் சொச்சம். நிலையத்திலிருந்து துறைக்கு இறக்கத்தில் பத்து நிமிட நடை. அங்கிருந்து பெல்லாஜியோ கால் மணி நேரம், கட்டணம் சுமார் 5 யூரோ. ரயிலில் இடப்பக்க ஜன்னல். லெக்கோ தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான்.

லுகானோ_தம்பி:
வணக்கம் அண்ணை. நான் சொன்னது வேகப்படகு. "செர்விட்ஸியோ ராப்பிதோ" எண்டு அட்டவணையில தனியாப் போட்டிருக்கு, கண்ணாடி போட்டுப் பாருங்கோ. 45 நிமிசம்தான். முந்தியும் 45, இப்பவும் 45.

தண்டவாளம்:
உங்கள் பதிவில் "வேகப்படகு" என்ற சொல்லே இல்லை. "படகு" என்றுதான் இருக்கிறது. படகு 2 மணி நேரம்.

வேகப்படகு என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஓடுகிறது. சாதாரணக் கட்டணத்துக்கு மேல் கூடுதல் வேறு. இருக்கை நிரம்பினால் ஏற்ற மாட்டார்கள். ஜூலை ஞாயிற்றுக்கிழமையில் கண்ணெதிரே போய்விடும். உள்ளே அடைத்த அறை, திறந்த மேல்தளம் கிடையாது, கண்ணாடியில் தண்ணீர் தெறித்துக்கொண்டே வரும். ஏரியைப் பார்க்க வந்தவனை ஏரியைப் பார்க்க முடியாத பெட்டியில் ஏற்றிவிட்டு "45 நிமிடம்" என்றால் என்ன அர்த்தம்?

வம்பன்:
ஆரம்பிச்சாச்சா. வெனிஸ் இழையில் வபொரெத்தோ (தண்ணிப் பேருந்து) டிக்கெட் 75 நிமிஷம் ஏறினதிலிருந்தா, முத்திரை குத்தினதிலிருந்தான்னு ஒரு வாரம் ஓட்டினவர் இவர்தான்.

தண்டவாளம்:
முத்திரை குத்தினதிலிருந்து. அது அங்கேயே முடிந்த விஷயம்.

கல்வெட்டு:
இருவரும் படகைப் பற்றியே பேசுகிறீர்கள். பார்க்க வேண்டியது வரலாற்று ஏரிக்கரை நகரம் என்றால் அது கோமோதான். அங்கே இறங்கியதும் துறையைத் தேடி ஓடுவதே அபத்தம். கி.மு. 59இல் சீசர் குடியேற்றிய ஊர். 1127இல் மிலான்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். பிறகு பேரரசர் பார்பரோஸா துணையோடு எழுந்தது. மதிலின் போர்த்தா தோர்ரே வாயில் 1192. சான்த் அபோந்தியோ கோயிலை 1095இல் போப் இரண்டாம் உர்பன் நேரில் வந்து அர்ப்பணித்தார். பேராலயத்தை 1396இல் தொடங்கினார்கள், குவிமாடம் 18ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. அதன் முகப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: நடுவாசலுக்கு இருபுறமும் மாடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் புனிதர்கள் அல்ல, ரோமானிய எழுத்தாளர்களான மூத்த பிளினியும் இளைய பிளினியும். கிறிஸ்தவர் அல்லாத இருவருக்குப் பேராலய முகப்பில் இடம் கொடுத்த ஊர் அது! ஒட்டினாற்போல் 1215இன் ப்ரொலெத்தோ, பழைய நகர மன்றம். பின்பக்கம் கட்டடக் கலைஞர் தெர்ரான்யி 1930களில் பாசிசக் கட்சிக்குக் கட்டிய காஸா தெல் ஃபாஷ்யோ. கரையோரம் வோல்டா நினைவகம். மின்கலம் கண்ட வோல்டா 1745இல் பிறந்தது இங்கேதான். இத்தனையும் நடந்தே பார்க்கலாம். மதியத்துக்கு மேல் 1894 முதல் ஓடும் கம்பிவட ரயிலில் மலைமேல் ப்ருனாத்தே, 7 நிமிடம். வரென்னாவில் என்ன இருக்கிறது? ஒரு நடைபாதை, இரண்டு தோட்டம்.

தண்டவாளம்:
நல்ல பட்டியல். கேள்வி பெல்லாஜியோ. 2 மணி நேரம்.

வரென்னாவை இவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம். 1169இல் கோமோக்காரர்கள் இந்த ஏரியின் கோமசினா தீவை அழித்தபோது தப்பியவர்கள் வந்து சேர்ந்த ஊர் அது. அந்த வரலாறு உங்கள் கல்வெட்டில் இல்லையோ? வில்லா மொனாஸ்தேரோ தோட்டம் கரையோரமாகவே நீண்டு போகும். மேலே வேசியோ கோட்டை. தெற்கே 250 மீட்டர் மட்டுமே ஓடும் ஃபியூமெலாத்தே ஆறு; வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரைதான் தண்ணீர்.

கல்வெட்டு:
தீவை அழித்ததில் பார்பரோஸாவின் துணையும் சேர்த்தி. பாதி வரலாறு சொல்வது உங்களுக்குப் பழக்கம்தான்.

லுகானோ_தம்பி:
அண்ணைக்கு உலகமே மிலான்ல தொடங்குது. சுவிஸ்ல இருந்து வாற எங்கட சனத்துக்கு கோமோதான் வாசல். லுகானோவில ஏறினா கியாஸ்ஸோ தாண்டி முக்கால் மணித்தியாலத்துக்குள்ள சான் ஜொவான்னி. (எல்லையில சில நேரம் ஏறிப் பாப்பாங்கள், பாஸ்போர்ட்டோ வதிவிட அட்டையோ கையில இருக்கோணும்.) நாங்கள் எதுக்கு மிலான் வரைக்கும் போய் திரானோ ரயில் பிடிக்கோணும்? அதோட அந்த இடப்பக்க ஜன்னல் கதை. லெக்கோ தாண்டினா சுரங்கத்துக்கு மேல சுரங்கம். ஏரி தெரியுறதும் மறையுறதுமா இருக்கும்.

தண்டவாளம்:
இழையின் பெயர் "மிலானிலிருந்து". லுகானோவிலிருந்து கிளம்பினாலும் கோமோ துறையில் ஏறினால் படகு 2 மணி நேரம்தான். ஏரி எல்லை பார்த்துச் சுருங்காது. லுகானோக்காரர்களுக்கு மேற்குக் கரையின் மெனாஜியோ போகும் பேருந்து சி12 இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரம். மெனாஜியோவிலிருந்து பெல்லாஜியோ கால் மணி. அதைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுரங்கம் உண்டு. இடைவெளியும் உண்டு. இடப்பக்கம்தான்.

மெதுநடை:
2 மணி நேரம் என்பதை ஏன் குறையாகவே சொல்கிறீர்கள்? பார்க்க வேண்டியதே அந்த 2 மணி நேரத்தில்தான். வில்லாக்களெல்லாம் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துக் கட்டியவை. சாலையிலிருந்து பார்த்தால் மதில்தான் தெரியும். மிலானின் கதோர்னா நிலையத்திலிருந்து கோமோ லாகோ நிலையத்துக்கு ஒரு மணி நேர ரயில். இறங்கினால் ஏரி எதிரிலேயே, சான் ஜொவான்னி படிக்கட்டுத் தொல்லை இல்லை. சாதாரணப் படகில் திறந்த தளத்தில் இடது பக்கம் உட்காருங்கள்: செர்னோபியோவின் வில்லா தெஸ்தே, கோமசினா தீவு, வில்லா பல்பியனெல்லோ இருக்கும் முனை எல்லாம் அந்தப் பக்கம். காலையிலேயே ஏறுவது நல்லது, மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து ப்ரேவா காற்று கிளம்பும். பெல்லாஜியோ பார்த்து, மாலையில் குறுக்கே கால் மணியில் வரென்னா, அங்கிருந்து மிலானுக்கு ரயில். போன வழியே திரும்ப வேண்டாம்.

லுகானோ_தம்பி:
இதைத்தான் நானும் சொன்னன். கோமோவில ஏறுங்கோ எண்டு. 45 நிமிசம் வேணுமெண்டா வேகப்படகு.

தண்டவாளம்:
அவர் 2 மணி நேரம் என்கிறார், நீங்கள் 45 என்கிறீர்கள், இரண்டும் "இதைத்தான்" ஆகிவிட்டதா!

மெதுநடை, உங்கள் திட்டம் காகிதத்தில் அழகு. மாலையில் வரென்னாவில் இறங்கி ரயில் டிக்கெட் எங்கே வாங்குவது? சின்ன நிலையம், இயந்திரத்தை நம்பிப் போகக் கூடாது. இரண்டு வழி டிக்கெட்டையும் காலையில் மிலானிலேயே வாங்குங்கள். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் மேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று. ஞாயிறு மாலையில் மலையேறிகள், மிதிவண்டிக்காரர்கள் என்று ஏற்கெனவே பிதுங்கி வரும், லெக்கோ வரைக்கும் நின்றுதான் போக வேண்டும்.

வம்பன்:
காகித டிக்கெட் இன்னும் யாரு வாங்குறா? செயலியில வாங்கினா முத்திரையே வேண்டாம்.

தண்டவாளம்:
இத்தாலிய ரயில் நிறுவனமான திரெனிதாலியாவின் செயலியில் வாங்கிய மண்டல ரயில் டிக்கெட்டுக்கு ஏறுமுன் "செக்-இன்" அழுத்த வேண்டும். தெரியாமல் எழுதாதீர்கள்.

வம்பன்:
பட்டன் அழுத்துறதுக்குப் பேரு முத்திரையா? சரி, ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணாவதா ஒரு எண் தர்றேன்: பேருந்து சி30. கோமோ – பெல்லாஜியோ ஒரு மணி பத்து நிமிஷம்.

லுகானோ_தம்பி:
ஐயோ, அந்த றோட்டோ? ரெண்டு பஸ் எதிரெதிரா வந்தா ஒண்டு பின்னுக்குப் போகோணும். வயித்தைப் பிரட்டும்.

தண்டவாளம்:
இதில் மட்டும் தம்பி சொல்வது சரி. ஆனால் 45 சரியாகிவிடாது.

புறப்பாடு:
ஒரு சந்தேகம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் எது வசதி? வருவது திங்கட்கிழமை. பல்பியனெல்லோவும் பார்க்க வேண்டும்.

கல்வெட்டு:
பல்பியனெல்லோ திங்களும் புதனும் மூடல். மற்ற நாளிலும் லென்னோ துறையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் நடை, இடையில் ஏற்றம். முழங்காலுக்குக் கோமோதான்: பழைய ஊர் சமதளம், ப்ருனாத்தேவுக்குக் கம்பிவட ரயில்.

மெதுநடை:
பெல்லாஜியோவும் முடியும். சலீத்தா செர்பெல்லோனி போன்ற படிக்கட்டுச் சந்துகளை விட்டுவிட்டு, கரையோரமாகவே தெற்கே நடந்தால் வில்லா மெல்ஸி தோட்டம். நெப்போலியன் காலத்து இத்தாலியக் குடியரசின் துணைத் தலைவர் கட்டியது. பெரும்பாலும் சமதளம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மார்ச் கடைசி முதல் அக்டோபர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம்:
புறப்பாடு, திங்கள் என்றால் பல்பியனெல்லோவுக்குப் பதில் ட்ரெமெட்ஸோவின் வில்லா கார்லோத்தா. வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ, கதெனாபியா இந்த நடு ஏரிக்குள் ஒருநாள் பாஸ் உண்டு, சுமார் 15 யூரோ. மூன்று முறைக்கு மேல் ஏறினால்தான் லாபம். வேசியோ கோட்டையை விட்டுவிடுங்கள், ஏற்றம் கடுமை. திரும்பும்போது வரென்னா துறையிலிருந்து நிலையத்துக்கு ஏற்றம் என்பதால் கால் மணி கூடுதலாக வையுங்கள். 4 மணியிலிருந்து 6 மணி வரை பெல்லாஜியோ துறையில் வரிசை நீளும், 3.30க்கே கிளம்பிவிடுங்கள். வேலைநிறுத்த அறிவிப்பு இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். வேலைநிறுத்தம் என்றால் வேலைநாளில் காலை 6–9, மாலை 6–9 தவிர ரயிலுக்கு உத்தரவாதம் கிடையாது. முக்கியமாக, யார் சொன்னாலும் கோமோவிலிருந்து படகு ஏறாதீர்கள். 2 மணி நேரம்.

கல்வெட்டு:
முழங்கால் வலிக்காரரை ஏற்றத்தில் ஏறச் சொல்லிவிட்டு "முக்கியமாக" வேறு.

லுகானோ_தம்பி:
நாளைக்கு அட்டவணையைப் படம் எடுத்துப் போடுறன். கோமோ, பெல்லாஜியோ, நேரம், எல்லாம் இருக்கும். 45.

தண்டவாளம்:
போடுங்கள். வேகப்படகுப் பக்கத்தை மட்டும் வெட்டிப் போடாமல் முழுப் பக்கமாகப் போடுங்கள். 2 மணி நேரம் எங்கே இருக்கிறது என்று நானே வட்டம் போட்டுத் தருகிறேன்.