தோட்டப்பள்ளி ஆசிரியையாக இருந்த பாட்டிக்கு நினைவு மலர்: ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிய ஐயம்

கேள்வி: பேரன், சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டி சென்ற வாரம் தமது 86ஆம் வயதில் காலமானார். 16ஆம் நாள் காரியத்துக்கு வருபவர்களிடம் கொடுப்பதற்காக நான்கு பக்க நினைவு மலர் ஒன்றை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. இவ்வூரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆசிரியையாக இருந்தார்.

பாட்டியாக அவரை எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பி, மைலோவையும் ரொட்டியையும் முன்னால் வைத்துவிட்டு, ஒரு பக்கம் உரக்கப் படித்த பிறகே பசியாற விடுவார். நாக்கு மடங்கி 'ழ' சரியாக வரும்வரை ரொட்டி கைக்கு வராது. நான் வேலைக்குப் போன பிறகும், வாட்சப்பில் ஓர் ஒற்றெழுத்தை விட்டுவிட்டால், நலம் விசாரிப்பதற்கு முன்பே அதைத் திருத்தி அனுப்பிவிடுவார்.

ஆசிரியையாக அவர் எப்படி இருந்தார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பள்ளியைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. அவருடைய அலமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்றும் அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகமும் கிடைத்தன. பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் பெயர், தகப்பன் பெயர், லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வீட்டு எண். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை பிற்பாடு சிவப்பு மையால் நிரப்பப்பட்டுள்ளன. மதிப்பெண் என்று நினைத்தேன், ஆனால் பாடங்களின் பெயர் எங்கும் இல்லை. இதன் பொருள் யாருக்கேனும் தெரியுமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈப்போ

ஆழ்ந்த இரங்கல். வட்டத்தைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. மலரைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன்: 'அன்பின் சிகரம்', 'அறிவுச் சுடர்' போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றை எந்த ஆசிரியைக்கும் எழுதலாம். மாறாக, அவர் எந்த மாதிரியான பள்ளியில் நின்று கற்பித்தார் என்பதை எழுதுங்கள், ஏனெனில் இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற விதி 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்துவிட்டது. பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. தொழிலாளர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில், ஒரே ஆசிரியர் ஒரு வகுப்புக்கு வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போடும் காட்சியை நானே மாணவனாக இருந்து பார்த்திருக்கிறேன். பெற்றோர் இருட்டிலேயே பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போய்விடுவதால், முகம் கழுவாமல் வரும் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதும் ஆசிரியரின் வேலையாகிவிடும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவில்தான் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது மறைந்தவற்றில் உங்கள் பாட்டியின் பள்ளியும் ஒன்றா என்பதை விசாரித்து எழுதுங்கள்.

மறுமொழி: முன்னாள் மாணவி, கிள்ளான்

நீங்கள் சொல்லும் டீச்சர் எங்கள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு வட்டத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அது மதிப்பெண் அன்று, பிறப்புப் பத்திரம். பத்திரம் வீட்டில் இல்லாத பிள்ளையின் பெயருக்கு டீச்சர் வட்டம் போடுவார். அது கைக்கு வந்த நாளில் நிரப்புவார்.

என் அம்மா லயத்திலேயே மருத்துவச்சி கையில் என்னைப் பெற்றவர். பதிவிலாகாவுக்கு யாரும் போகவில்லை. ஒருநாள் பால் வெட்டி முடிந்து வந்த அம்மாவை, ஒட்டுப்பால் வாளியைக்கூட இறக்கவிடாமல் வாசலிலேயே நிறுத்தி, நான் பிறந்தது தீபாவளிக்கு முன்பா பின்பா, அன்று மழையா வெயிலா என்று டீச்சர் துருவித் துருவிக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள், மருத்துவச்சியைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு, எங்களைத் தம்முடைய செலவில் பேருந்தில் கூட்டிப்போனார். பத்திரம் கிடைத்த அன்று வகுப்பில் வைத்தே வட்டத்தை நிரப்பிவிட்டு, "இனி நீ ஒழுங்காகப் படிக்கலாம்" என்றார். அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் 12 வயதில் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை எடுத்தேன்.

மறுமொழி: வாசகர், தைப்பிங்

மேலே உள்ள அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பலர், பினாங்கில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திரும்பிப் போனார்கள். எங்கள் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். அந்தக் காலத்தில் ஒரு தாளின் விலை என்ன என்பதை உங்கள் பாட்டி கண்ணால் கண்டிருப்பார்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நோட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 41 வட்டங்கள். அவற்றுள் 4 நிரப்பப்படவில்லை. அந்த நான்கில் ஒன்றின் அருகே, பாட்டியின் கையெழுத்தில், "தாயும் தகப்பனும் கப்பல் ஏறினர், பிள்ளை மாமன் வீட்டில், மாமன் வேறு தோட்டம்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. எந்தத் தோட்டம் என்பதற்கு இடம் விட்டிருக்கிறார், ஆனால் எழுதவில்லை.

பெயர்களை மலரில் அச்சிடமாட்டேன். நோட்டை மட்டும் காரியத்தன்று கூடத்தில் மேசைமேல் வைத்திருப்பேன். கிள்ளான் அம்மா வர முடிந்தால், தங்கள் வட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.